கழுவிக் கூட்டிவந்த கால்கள்

அழவில்லை அக்கா. வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஜன்னலோரமே இருங்கள், எனக்கு இந்த ஓரம் போதும். சேரன்மகாதேவி பஸ்ஸில் பத்தமடையில் ஏறி உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஜங்ஷனுக்குத்தான். அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போக வேண்டும். கோயில் என்றால் சர்ச். நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.

நான் யாரிடமும் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அக்கா. வாலிபர் கூட்டத்தில் ஜெபம் பண்ணச் சொன்னால்கூட மனசுக்குள் பண்ணிக்கொள்கிறேன் என்று தலையைக் குனிந்துகொள்வேன். சமூகப்பணியில் எம்.ஏ. படித்தேன். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன், வாய்மொழித் தேர்வு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது நீங்கள் ஒரு வார்த்தை "என்னம்மா ஆச்சு" என்று கேட்டதும் என்னமோ தெரியவில்லை, கொட்டுகிறது. நீங்கள் எங்கேயோ இறங்கிப் போய்விடுவீர்கள். என் பெயர்கூட உங்களுக்கு வேண்டாம்.

இந்தப் போனில் ஒரு வீடியோ இருக்கிறது. நான் எடுத்தது. ஜங்ஷன் போவதற்குள் அதை எங்கள் புளோரன்ஸ் டீச்சருக்கு அனுப்ப வேண்டும். அவர்தான் கோயில் கமிட்டிக்குச் செயலாளர், ஹெட்மிஸ்டிரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் மேலிடத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். அவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால் பிரச்சினை முடிந்துவிடும். எல்லாருக்கும் முடிந்துவிடும். அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. பத்தமடையிலிருந்து கையில் வைத்துக்கொண்டே வருகிறேன்.

என்ன பிரச்சினையா? நீங்கள் பார்த்திருப்பீர்கள் அக்கா. ஈஸ்டர் முடிந்த மறுநாளிலிருந்து எல்லார் போனிலும் அதுதான் ஓடுகிறது. ஒரு குருவானவர் வரிசையாகக் கால் கழுவிக்கொண்டே வருவார். கடைசியாக ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா. அவர்கள் காலை மட்டும் தொடாமல் மேலேயிருந்து தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுவார். "பதினோரு கால் பரிசுத்தம், பன்னிரண்டாவது கால் தீட்டு" என்று யாரோ மேலே எழுதிவிட்டிருந்தார்கள். பார்த்தீர்களா? அதுதான். அது எங்கள் கோயில்.

இன்றைக்குக் காலையில் பத்தமடைக்குப் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள் அதைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என் கையில் பைபிளைப் பார்த்துவிட்டு ஒருத்தன் திரும்பி, "அக்கா, இது உங்க சர்ச்சா?" என்றான். "இல்ல, எங்க சர்ச் வேற," என்றேன். அவன் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். பைபிளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதற்காகக்கூட இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

எங்கள் கோயில் மற்றக் கோயில் மாதிரி இல்லை அக்கா, அதுதான் கஷ்டமே. வாசலிலேயே "எல்லாரும் எங்களவர்" என்று போர்டு வைத்திருக்கிறோம். எங்கள் பாடகர் குழுவில் ஒரு திருநங்கை பாடுகிறாள், சுபிதா, நல்ல குரல். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்டியிருக்கிறோம். பின்பக்கம்தான், முன்பக்கம் கட்டினால் படிக்கட்டின் அழகு போய்விடும். சாதிப் பேச்சு எங்கள் கோயிலில் அறவே கிடையாது. யாராவது எடுத்தால் புளோரன்ஸ் டீச்சர் அங்கேயே நிறுத்திவிடுவார். போன வருஷம் ஒரு குடும்பம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு அந்தப் பேச்சை எடுத்தது. இப்போது அவர்கள் வருவதில்லை.

பெரிய வியாழன் தெரியுமா உங்களுக்கு? ஆண்டவர் தம்முடைய சீஷர்களின் கால்களைக் கழுவின நாள். அன்றைக்கு எங்கள் குருவானவர் தியோடர் ஐயா பன்னிரண்டு பேர் காலைக் கழுவித் துடைப்பார். வருஷா வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரும் கமிட்டிக்காரர்கள்தான். எல்லாரும் ஆண்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பவுடர் தண்ணீரில் மிதக்கும்.

இந்த வருஷம் நான்தான் பேசினேன். கமிட்டியில் எழுந்து நின்று. பேப்பரைப் பார்த்துத்தான் வாசித்தேன். யார் காலை யாரும் தொடமாட்டார்களோ அவர்கள் காலைத்தான் கழுவ வேண்டும், அதுதானே ஆண்டவர் செய்தது என்று. யாருமே எதிர்த்துப் பேசவில்லை அக்கா. தியோடர் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னையா அண்ணாச்சி, அவர் கோயில் பொருளாளர், "நல்ல யோசனைம்மா. டவல் பன்னெண்டும் புதுசா வாங்கிருவோம். சிலுவை போட்டு எம்பிராய்டரி பண்ணி," என்றார். அப்புறம் அவரே, "முடிஞ்சதும் டவல அவங்களுக்கே குடுத்துருவோம். திரும்ப வாங்கி நாம என்ன செய்ய?" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். எவ்வளவு தாராள மனசு பாருங்கள்.

புளோரன்ஸ் டீச்சர் மட்டும் வெளியே வரும்போது என் தோளில் கை போட்டு, "எல்லாஞ் சரி எப்சி. ஆனா நீட்டா இருக்கணும், என்ன? நேரலை போவுது. துபாய்லருந்து, கனடாவுலருந்தெல்லாம் பாக்காங்க. ஆளுகள ரெடி பண்ற பொறுப்பு உன்னுது," என்றார்.

அதுதான் அக்கா. அந்த "நீட்டா" என்ற ஒரு வார்த்தை.

பன்னிரண்டு பேரை நான்தான் தேடிப் பிடித்தேன். கோயில் வாசலில் ஆட்டோ ஓட்டுகிற சகாயம் அண்ணன், சுபிதா, கட்டடவேலைக்குப் பீகாரிலிருந்து வந்திருக்கும் ஒரு பையன், அப்படி. கடைசியாகத்தான் பேச்சித்தாய். எங்கள் கோயில் தெருவைக் கூட்டுகிறவள். கான்ட்ராக்ட் வேலை. பத்தமடையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். என் அம்மா வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூட்டி முடித்துவிட்டு, வண்டியைக் காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வேலைக்குப் போடுகிற அந்தப் பச்சைக் கோட்டோடு வந்து கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தரையில் உட்காருவாள். பெஞ்சில் உட்கார் என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "வேண்டாம் பாப்பா, கோட்டுல அழுக்கு," என்பாள். பாட்டு மட்டும் பலமாகப் பாடுவாள். நாங்கள் ஒரு வரி பாடுவதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போயிருப்பாள். ஆர்கன்காரருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

நான் போய்க் கேட்டபோது பேச்சித்தாய் நம்பவே இல்லை. "எங் காலையா? ஐயாவா? வேற ஆளு கெடைக்கலியா பாப்பா?" என்று விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கு ஆராதனை ஆறு மணிக்கு. எல்லாரையும் நாலு மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். குருவானவர் வீட்டுக்குப் பின்னால் குழாயடி இருக்கிறது, துவைக்கிற கல் இருக்கிறது. சோப்பு, தேங்காய் நார், டெட்டால் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். சகாயம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கழுவுததுக்குத்தான கூப்டீங்க? கழுவிட்டு வந்து உக்காரச் சொல்லுதீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அது வேறண்ணே, இது வேற," என்றேன். எல்லாரும் கழுவிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

பேச்சித்தாய் மட்டும் வரவில்லை. ஐந்து மணிக்கு மேல்தான் வந்தாள். அதற்கு முந்தின நாள் கோடை மழை. ஏதோ சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மேஸ்திரி அவளை விடவில்லையாம். நேரே அங்கிருந்து வருகிறாள். அந்தக் காலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தப்பாகச் சொல்லவில்லை அக்கா, உழைக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனால் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. வெடிப்புக்குள் எல்லாம் கறுப்பு. தண்ணீரை ஊற்றினால் போகவில்லை. கல்லில் தேய்த்தாள், போகவில்லை. உள்ளே மைக் டெஸ்ட் பண்ணுகிற சத்தம் கேட்கிறது. எனக்குப் பதற்றம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தேன்.

"ஐயையோ, நீங்க தொடாதீங்க பாப்பா."

"நேரமாச்சு. நீட்டு."

நாரை வைத்துத் தேய்த்தேன். ஐயாவின் வீட்டம்மா குளியலறையில் கால் தேய்க்கிற கல் ஒன்று இருந்தது, சொரசொரப்பாக. அதை வாங்கி வந்து தேய்த்தேன். குதிகால், பெருவிரல் ஓரம், விரல் இடுக்கு. பலமாகத்தான் தேய்த்தேன். "வலிக்குதா?" என்று கேட்டேன் அக்கா. கேட்காமல் இல்லை.

"ஒண்ணுந் தெரியல பாப்பா. நல்லா தேயிங்க. எங் கல்யாணத்தன்னிக்குக்கூட எவளும் இப்படித் தேச்சு விடல."

"சிரிக்காத, ஆடுது."

"கூச்சங்கூட இல்ல. மரக்கட்டையாட்டம் இருக்கு. ரெண்டு வருசமாவே இப்படித்தான்."

வெறுங்காலோடு நடந்து நடந்து மரத்துப்போயிருக்கும், உழைக்கிற கால், வலி தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பு போய்ச் செக்கச்செவேலென்று வந்தது. தோலின் சொந்த நிறம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். டெட்டாலைத் தண்ணீரில் கலந்து ஊற்றித் துடைத்துவிட்டேன். கடைசி நாற்காலி அவளுக்கு. கேமராவுக்குக் கொஞ்சம் தள்ளி.

ஆராதனை அவ்வளவு நன்றாக நடந்தது அக்கா, பதினோரு பேர் வரைக்கும். ஐயா அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, டவலை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையின் காலைப் பிடிப்பது மாதிரி. நாங்கள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தோம். பீகார் பையன் அழுதுவிட்டான். ஜனங்கள் அழுதார்கள். நானும்தான். இதற்கு நான்தானே காரணம் என்று ஒரு நினைப்பு, பெருமைதான், அதுவும் பாவம்தான்.

பேச்சித்தாய் காலைத் தாம்பாளத்துக்குள் வைத்தாள். ஐயா தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சிவந்தது.

ஐயா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, செடிக்கு ஊற்றுகிற மாதிரி மேலேயிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார். டவலை அவள் மடியில் வைத்தார். எழுந்து போய்விட்டார். பேச்சித்தாய்க்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் டவலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே குனிந்து காலைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். ஓடுகிற வீடியோ அந்தச் சிரிப்போடுதான் முடிகிறது.

ஐயா கெட்டவர் இல்லை அக்கா. அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். எங்கள் கோயிலில் எல்லாருக்கும் தெரியும். ரத்ததான முகாமைத் தொடங்கி வைக்க வந்தாரென்றால் ஜெபம் பண்ணுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேதான் நிற்பார். அன்றைக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் தாம்பாளத்திலேயே விழுந்திருப்பார்.

வீடியோ பரவியதும் கூடின கமிட்டியில் அவரே சொன்னார். "நான் உள்ளதச் சொல்லிருதேன் டீச்சர். என் பலவீனம். மன்னிப்புக் கேட்டுருதேன்."

பொன்னையா அண்ணாச்சிதான் பதறிவிட்டார். "சொன்னா சிரிப்பாங்க ஐயா. மறுநாள் வெள்ளிக்கிழமை மூணு மணி நேரம் ஆண்டவருடைய ரத்தத்தப் பத்திப் பிரசங்கம் பண்ணிருக்கீங்க. ரத்தத்தக் கண்டா மயங்குற குருவானவரா? ஊர் சும்மா விடுமா?"

"நீங்க சும்மா இருங்க ஐயா," என்றார் டீச்சர். "அந்தம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, கால்ல புண்ணு, ஐயா தொட வேண்டாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. அப்படிச் சொன்னா எல்லாருக்கும் மரியாதை. அவங்களுக்கும் மரியாதை."

"ரத்தம் எங்கருந்து வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சுகர் புண்ணா இருக்கும். சொல்லாம மறச்சிட்டு வந்திருக்காங்க. எப்சி, உங்கிட்டயாவது சொன்னாங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத்தான் பேச வராதே. "இல்ல டீச்சர், எங்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றேன். அது பொய் இல்லைதானே? அவள் ஒன்றும் சொல்லவில்லைதானே?

"நீதான கூட்டிட்டு வந்த? நீயே போய் ஒரு சின்ன வீடியோ எடுத்துட்டு வந்துரு," என்றார்கள்.

அதற்காகத்தான் அக்கா பத்தமடைக்கு வந்தேன். கோயில் வாட்ச்மேனிடம் வீடு விசாரித்து. இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்கு நான் வந்ததே இல்லை. எங்கள் கோயிலிலிருந்து யாருமே வந்ததில்லை. ஒரு ரூம்தான். வாசலில் மகள் இசக்கியம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"காலக் கழுவுனது பத்தாதாக்கும்? இப்ப வாயையும் கழுவ வந்திருக்கீகளோ?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து பேச்சித்தாய்தான், "ஏட்டி, சும்மா கெட. பாப்பாவ உள்ள விடு. வெயில்ல வந்திருக்கு," என்றாள்.

கட்டிலில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். காலில் எங்கள் டவலைச் சுற்றியிருந்தாள், சிலுவை போட்ட அந்த வெள்ளை டவல். "நல்லா மெத்துனு இருக்கு பாப்பா," என்றாள். அன்றையிலிருந்து வேலைக்குப் போகவில்லையாம், கால் ஊன முடியவில்லையாம். மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிட்டாராம். "நல்லா ரெஸ்ட் எடு," என்றேன். டீ போட்டுக் கொடுத்தார்கள். குடித்தேன் அக்கா. பாதியில் வைக்கவில்லை. முழுசாகக் குடித்தேன்.

அவள் ஈஸ்டருக்கு என்னென்ன பாட்டுப் பாடினோம் என்று கேட்டாள். நான் வரிசையாகச் சொன்னேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தேன். அவள் கொஞ்சங்கூட யோசிக்கவில்லை.

"நான் இப்படிச் சொன்னா ஐயாவுக்குக் கஷ்டம் வராதுல்லா?"

"வராது."

"அப்ப நான் கோயிலுக்கு வரலாம்லா?"

"தாராளமா வா. உன்ன யாரு வேண்டாம்னா?"

"இல்ல பாப்பா, பெரிய நாளும் அதுவுமா அவரு கைய அசிங்கம் பண்ணிட்டேன்லா."

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னேன் அக்கா. சொல்லாமல் இருக்கவில்லை. ஆனால் எப்படி இல்லை என்று விளக்கிச் சொல்ல நேரமில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. முதல் தடவை கேமராவைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "கால்ல புண்ணு இருந்துச்சு, நாந்தான் ஐயாகிட்ட வேண்டாம்னு சொன்னேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுக்கு முன்னாடி எங்க பாப்பாதான் உக்காந்து தேச்சுத் தேச்சுக் கழுவி விட்டுச்சு, பெத்த புள்ள கூட அப்படிச் செய்யாது," என்று சேர்த்துவிட்டாள். பெருமையாகத்தான் சொன்னாள். நான் அதை அழித்துவிட்டேன். "அது வேண்டாம் பேச்சித்தாய், அதச் சொல்லாத," என்றேன். வீடியோ நீளமாகிவிடும் அல்லவா? சின்னதாக இருந்தால்தான் பார்ப்பார்கள். மகள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. முகம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தேன். கால் வரவில்லை.

இதோ, டீச்சர்தான் கூப்பிடுகிறார். ஒரு நிமிஷம்.

"ஹலோ... ஆமா டீச்சர், எடுத்துட்டேன்... ஆமா, சொல்லிட்டாங்க... இல்ல, இங்க டவர் சரியா இல்ல, அனுப்ப மாட்டேங்குது... சரி டீச்சர். சரி."

டவர் இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இன்றைக்குப் பொய்யாகவே வருகிறது.

நீங்களே பாருங்கள் அக்கா, இதோ. யாராவது அவளைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைத்த மாதிரி இருக்கிறதா? இல்லையே. நன்றாகச் சிரித்த முகமாகத்தானே சொல்கிறாள்? அவளுக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஐயாவுக்கும் பெயர் கெடாது. கோயிலுக்கும் கெடாது. பின்னே ஏன் எனக்கு இதை அழுத்தக் கை வரவில்லை? நான் என்ன தப்புச் செய்தேன்? அவளைக் கூட்டி வந்ததுதான் தப்பு. பழையபடி கமிட்டிக்காரர்களே உட்கார்ந்து பவுடர் காலை நீட்டியிருந்தால் யாருக்கும் ஒன்றும் வந்திருக்காது. நான் எழுந்து பேசியதுதான் தப்பு. சும்மா இருக்கிறவள் சும்மாவே இருந்திருக்க வேண்டும். அந்தக் குற்றவுணர்ச்சிதான் அக்கா என்னைக் கொல்கிறது.

என்ன?

கால் எப்படி இருக்கிறது என்றா கேட்டீர்கள்?

கட்டுப் போட்டிருக்கிறாள். டவல்... டவலைத்தான் சுற்றியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று நான் கேட்கவில்லை. சுகர் இருக்கிறதா என்றும்... டீச்சர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னாளே, ரெண்டு வருசமாக. அது சுகர்தானா?

பெருவிரல் மட்டும் டவலுக்கு வெளியே தெரிந்தது. கறுத்திருந்தது. அது சாக்கடைக் கறுப்பு, அவள் காலில் எப்போதும் இருக்கிறது.

இல்லை. இல்லையே. அதைத்தான் நான் தேய்த்து எடுத்துவிட்டேனே. அன்றையிலிருந்து அவள் வேலைக்கே போகவில்லையே.

அக்கா, அந்த ரூமுக்குள் ஒரு வாடை அடித்தது. வாசல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சத்துக்காக உட்காருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் வேலை அப்படி, அந்த வேலையின் வாடை என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்கே போகாத ஆளிடம் எப்படி அக்கா அந்த வாடை வரும்?

நான் போனைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் தெரியாத மாதிரி எடுக்கிறேன் என்று போனைச் சாய்த்துச் சாய்த்து... காலைப் பார்த்துத்தானே அக்கா அதைத் தவிர்த்திருக்கிறேன்?

இது எந்த ஊர்? தருவையா? கண்டக்டர் அண்ணே! அண்ணே, இறங்கணும். தெரியும்ணே, ஜங்ஷன் டிக்கெட்தான். இறங்கணும், நிறுத்துங்க!

அவள் நம்பர்கூட என்னிடம் இல்லை. எப்போதும் வாட்ச்மேன் மூலம்தான் சொல்லி அனுப்புவோம். இருங்கள், டீச்சரையே கூப்பிடுகிறேன்.

"ஹலோ, டீச்சர்... வீடியோ இருக்கு. அத விடுங்க. வேன் வேணும் டீச்சர், கோயில் வேன். பத்தமடைக்கு... இல்ல, நாளைக்கு இல்ல, இப்பவே. அவங்களுக்குக் காலு கறுத்துப்போச்சு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்... மேலிடத்துக்காரங்களுக்குக் கார் வச்சுக்கிடலாம் டீச்சர்... அவங்க மறைக்கல. மறைச்சிட்டு வரல. புண்ணே இல்ல டீச்சர் அவங்களுக்கு. நான்தான் ஆராதனைக்கு முன்னாடி குழாயடில உக்காந்து கல்ல வச்சுத் தேச்சேன்... ஆமா, நான்தான். நீட்டா இருக்கணும்னு தேச்சேன்..."

குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னமோ கேட்கிறார்.

"என்ன டீச்சர்?"

இது வேற யாருக்கும் தெரியுமா என்று கேட்கிறார்.

"தெரியும் டீச்சர். பஸ்ல எம் பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

கொஞ்சம் வழி விடுங்கள் அக்கா. எதிர்ப் பக்கம் பத்தமடை பஸ் வருகிறது.